தோட்டமும் வீடும் பங்கிடும் கிணறு: யாழ் குடாநாட்டின் நிலத்தடி நீர்

இலங்கையின் வட முனையில் அமைந்துள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் நீர் பாயும் வழுக்கையாறு, மாரி முடிந்ததும் வறண்டு விடுகிறது. ஆயினும் பல நூற்றாண்டுகளாக இந்த மண் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வாழையும் விளைவித்து வந்திருக்கிறது. தரைக்குக் கீழே சுண்ணாம்புக்கல் படுகையில் தேங்கி நிற்கும் மழைநீரும், அதனை எடுத்துத் தரும் சுமார் ஒரு லட்சம் கிணறுகளுமே இதற்குக் காரணம்.

இந்த நீர் போதுமானதா என்ற கேள்வி நெடுங்காலமாகவே கேட்கப்பட்டு வருகிறது. ஆற்றைத் தருவது, குளத்திலிருந்து குழாய் இழுப்பது, கடல்நீரைக் குடிநீராக்குவது என்று முன்வைக்கப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் அந்தக் கேள்விக்கே விடை தேடின. ஆனால் 1980களிலிருந்து வெளிவந்த நீர் ஆய்வுகள், அளவைப் போலவே தரமும் கவலைக்குரியது என்பதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டி வந்துள்ளன. பயிருக்கு இறைப்பதும், வீட்டில் குடிப்பதும், கழிவு சென்று சேர்வதும் ஒரே நீர்ப்படுகையில்தான் என்பது இப்பிரச்சினையின் மையமாக உள்ளது.

உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர்

குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்தைச் சேர்ந்த சுண்ணாம்புக்கல்லால் ஆனது. மழைநீர் இக்கல்லைக் கரைத்து வெடிப்புகளையும் துளைகளையும் குகைகளையும் உருவாக்கியுள்ளது. கீரிமலைக் கேணியும், புத்தூருக்கு அண்மையில் உள்ள நிலாவரைக் கிணறும் இந்த நிலத்தடி அமைப்பின் வெளித்தெரியும் வாயில்கள் எனலாம். நிலாவரையில் மேற்பகுதி நீர் நன்னீராகவும், ஆழம் செல்லச் செல்ல உவர்நீராகவும் இருப்பது அப்பகுதி மக்கள் நன்கறிந்த செய்தி.

குடாநாட்டின் நீரியலை அந்த ஒரு கிணறே விளக்கி விடுகிறது. மூன்று புறமும் கடலும், உள்ளே நுழைந்து கிடக்கும் கடனீரேரிகளும் சூழ்ந்த நிலத்தில், அடர்த்தி குறைந்த நன்னீர், அடர்த்தி மிகுந்த உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்கள் பயன்படுத்தும் பொது விதி. இந்தக் கணக்கின் மறுபக்கம் எச்சரிக்கைக்குரியது. நீர்மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழிருந்து உவர்நீர் நாற்பது அடி வரை மேலேற இடமுண்டு.

வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என நான்கு நீர்ப்படுகைகள் இங்கு உள்ளன. இவற்றுள் செம்மண் நிலத்தின் கீழ் அமைந்த வலிகாமப் படுகையே பெரியதும், மிகுதியாகப் பயன்படுத்தப்படுவதும் ஆகும். தீவகப் பகுதியில் நன்னீர் வில்லை மெல்லியது. அங்குள்ள பல ஊர்களுக்குக் குடிநீர் வெளியிலிருந்தே கொண்டு வரப்படுகிறது.

ஆண்டுக்குச் சராசரியாக 1,250 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்தாலும், அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றின்போதே கிடைக்கிறது. அந்தச் சில வாரங்களில் நிலத்துக்குள் இறங்கும் நீரைக் கொண்டே ஏனைய மாதங்களைக் கடக்க வேண்டியுள்ளது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாகக் கணிசமான நீர் கடலுக்கும் வடிந்து விடுகிறது.

துலாவிலிருந்து இயந்திரத்துக்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யாழ்ப்பாண விவசாயி துலாவால் நீர் இறைத்தார். துலா மிதிப்பவர் ஒருவர், பட்டை பிடிப்பவர் ஒருவர், பாத்தி கட்டுபவர் ஒருவர் என்று பலரின் உழைப்பை அது கோரியது. ஒரு நாளில் எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதை மனித உடலின் வலுவே தீர்மானித்தது. அந்த முறை கடினமானது. ஆனால் கிணறு ஊறும் வேகத்துக்கும் இறைக்கும் வேகத்துக்கும் இடையே இயல்பாகவே ஒரு சமநிலையை அது பேணியது.

1950களிலிருந்து மண்ணெண்ணெய், டீசல் இயந்திரங்கள் பரவத் தொடங்கியபின் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. பல மணிநேர வேலை குறுகிய நேரத்தில் முடிந்தது. சாகுபடிப் பரப்பும் பயிர்ச் சுழற்சியும் கூடின. 1970க்கும் 1977க்கும் இடையில், அப்போதைய இலங்கை அரசு வெங்காயம், மிளகாய் போன்ற பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, யாழ்ப்பாண விவசாயிகள் நாட்டின் சந்தைக்கே விளைவித்தனர். கல் வீடுகளும் பிள்ளைகளின் உயர்கல்வியும் அந்தக் காலத் தோட்ட வருமானத்தால் சாத்தியமாயின என்று நினைவுகூரும் குடும்பங்கள் இன்று பல நாடுகளில் உள்ளன.

அதே காலத்தில் பசளை முறையும் மாறியது. பட்டி அடைத்துப் பெறும் ஆட்டெருவும் மாட்டெருவும், பூவரசு போன்ற மரங்களின் குழையும் முன்னர் மண்ணுக்கு உரமூட்டின. அவற்றோடு யூரியா சேர்ந்தது. பின்னர் பல தோட்டங்களில் யூரியாவே முதன்மை பெற்றது. மெல்லிய செம்மண், அதன் கீழ் வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல், சில நாட்களுக்கு ஒருமுறை வாய்க்கால் வழியே பாய்ச்சப்படும் நீர் ஆகிய மூன்றும் சேரும்போது, பயிர் உறிஞ்சாத நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறி எளிதில் கிணற்றை அடைகிறது.

இறைத்த நீரின் ஒரு பகுதி மீண்டும் நிலத்துக்குள் இறங்குவதால் நீர் வீணாவதில்லை என்று கருதுவோர் உண்டு. அளவைப் பொறுத்தவரை அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவ்வாறு இறங்கும் நீர், சென்றபடியே திரும்புவதில்லை. ஒவ்வொரு இறைப்பிலும் ஆவியாதலால் உப்பும், பசளையால் நைட்ரேட்டும் சிறிது சிறிதாகக் கூடுகின்றன. ஒரே நீர் ஒரே பருவத்தில் பலமுறை இந்தச் சுற்றைக் கடப்பதுண்டு.

நைட்ரேட்: கண்ணுக்குத் தெரியாத மாசு

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, குடிநீரில் காணப்படும் அளவில் சுவையும் தெரிவதில்லை. உவர்நீரை நாக்கு கண்டுகொள்ளும். நைட்ரேட்டைப் பரிசோதனைக்கூடமே கண்டுகொள்ள முடியும். குடிநீரில் ஒரு லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் தரும் வழிகாட்டி அளவு. இலங்கையின் குடிநீர்த் தரநிர்ணயமும் அதே அளவையே பின்பற்றுகிறது.

வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் இந்த எல்லை மீறப்பட்டிருப்பதை 1980களிலேயே ஆய்வுகள் பதிவு செய்தன. செறிவாகக் காய்கறிப் பயிர் செய்யப்படும் செம்மண் நிலங்களின் கிணறுகளில் நைட்ரேட் கூடுதலாக இருப்பதையும் அவை காட்டின. பிந்திய ஆண்டுகளின் ஆய்வுகளும் இந்தப் பொதுவான போக்கை உறுதி செய்துள்ளன.

இதனால் மிகக் கூடுதலாகப் பாதிக்கப்படக் கூடியவர்கள் ஆறு மாதத்துக்கு உட்பட்ட, புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். நைட்ரேட் மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கும்போது, குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கலாம். தோல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்க வைப்பது கிருமிகளை அழிக்கும், நைட்ரேட்டை அகற்றாது. நீர் ஆவியாகக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். கொதித்தாறிய நீர் பாதுகாப்பானது என்ற பரவலான நம்பிக்கை இந்த ஒரு விடயத்தில் பொருந்துவதில்லை.

பெரியவர்களைப் பொறுத்தவரை, உடலுக்குள் சில சேர்மங்கள் உருவாகும் நிலைமைகளில் உட்கொள்ளப்படும் நைட்ரேட் மனிதர்களுக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. யாழ்ப்பாணத்தில் பதிவான உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கும் நைட்ரேட்டுக்கும் தொடர்பிருக்கலாம் என்று 1980களில் ஆய்வாளர்கள் எழுதினர். ஆனால் வெற்றிலை, புகையிலைப் பழக்கம் போன்ற வேறு காரணிகளும் அங்கு உள்ளதால், பழியை முழுவதும் கிணற்று நீரின் மீது சுமத்துவது எச்சரிக்கையுடன் அணுகப்பட வேண்டியது.

பசளை மட்டுமே இந்த மாசுக்கு மூலமல்ல. நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழிகளும் கிணறுகளும் அருகருகே அமைந்துள்ளன. மண் பரப்பு நீரை வடிகட்ட உதவும்; வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல் அவ்வாறு வடிகட்டுவதில்லை. கிணற்று நீரில் மலக்கிருமிகள் காணப்படுவதற்கும் இதுவே முக்கிய காரணம்.

உப்பு எந்தப் பயிரை முதலில் தாக்கும்

குடிநீரில் நைட்ரேட் கவலையளிப்பது போல, தோட்டத்தில் கவலையளிப்பது உப்பு. நீரின் உப்புத்தன்மை அதன் மின்கடத்துதிறனைக் கொண்டு அளவிடப்படுகிறது. உணவு விவசாய அமைப்பின் வழிகாட்டியின்படி, பாசன நீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.8 டெசிசீமன்ஸைத் தாண்டும்போதே வெங்காயத்தின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது. மிளகாய்க்கு அந்த எல்லை 1.0, பீட்ரூட் 2.7 வரை தாங்கும்.

யாழ்ப்பாணத்துக்குப் பெயர் தேடித்தந்த வெங்காயமும் மிளகாயும் உப்பைத் தாங்காத பயிர்கள் என்பது இதிலிருந்து தெளிவாகிறது. கரையோரக் கிணறுகளில் கோடையின் முடிவில் நீர் உவர்ப்பாக மாறும்போது, விவசாயிகள் பயிரை மாற்றுகிறார்கள், அல்லது காணியைத் தரிசாக விடுகிறார்கள். கிணற்றை மேலும் ஆழமாக்குவது பிற இடங்களில் தீர்வாகலாம். குடாநாட்டில் அது பெரும்பாலும் உவர்நீரைத்தான் சீக்கிரம் எட்டும்.

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை இதே பாடத்தை வேறு விதமாகக் கற்பித்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் உப்பேறிய கிணறுகளைத் தூய்மையாக்க அவசர அவசரமாக நீர் வெளியேற்றப்பட்டது. ஆனால் அளவுக்கு மீறி இறைப்பது உவர்நீரை மேலும் உள்ளிழுக்கும் என்பதும், அடுத்தடுத்த பருவமழைகளே கிணறுகளை மெல்ல மீட்டன என்பதும் பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரியவந்தன.

போரும் அதன் பின்னரும்

உள்நாட்டுப் போர் நிலத்தடி நீரின் கதையையும் திருப்பியது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது எரிபொருளும் யூரியாவும் குடாநாட்டுக்குள் வருவது கட்டுப்படுத்தப்பட்டது. 1995ஆம் ஆண்டின் பேரிடப்பெயர்வும், வலிகாமம் வடக்கில் அமைந்த உயர் பாதுகாப்பு வலயமும் வளமான செம்மண் காணிகளைப் பல ஆண்டுகள் வெறுமையாக்கின. இறைப்பு குறைந்தது, ஆனால் அது மக்கள் தாமாகத் தேர்ந்தெடுத்த சிக்கனம் அல்ல.

2009இல் போர் முடிந்தபின், பாதைகள் திறந்து தென்னிலங்கைச் சந்தை மீண்டும் கிடைத்ததும் சாகுபடி விரிந்தது. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி யாழ் மாவட்டத்தின் மக்கள் தொகை சுமார் 5 லட்சத்து 83 ஆயிரம். விடுதிகளும் புதிய வீடுகளும் மின்சார நீர்ப்பம்பிகளும் பெருகின. துலாக் காலத்தின் கட்டுப்பாடு மட்டும் திரும்பவில்லை.

இந்நிலையில்தான் சுன்னாகம் விவகாரம் வெடித்தது. சுன்னாகம் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்திருப்பதாக எழுந்த முறைப்பாடுகள் 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் மக்கள் போராட்டமாக மாறின. பல கிராமங்களின் மக்கள் தங்கள் கிணற்றைப் பயன்படுத்த அஞ்சி, வண்டிகளில் கொண்டுவரப்பட்ட நீருக்குக் காத்திருந்தனர். இது தொடர்பாகத் தாக்கல் செய்யப்பட்ட அடிப்படை உரிமை மனு மீது 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்த இலங்கை உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாட்டின் அடிப்படையில், அங்கு இயங்கிய தனியார் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அந்தத் தீர்ப்பு முக்கியமானது. ஆயினும் எண்ணெய் மாசுக்கு ஒரு முகவரி இருந்தது. நைட்ரேட் மாசுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆயிரக்கணக்கான தோட்டங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் துளித்துளியாக அது சேர்கிறது. மாசுபடுத்துபவரும் பாதிக்கப்படுபவரும் பெரும்பாலும் ஒரே குடும்பத்தினர் என்பதால், நீதிமன்றம் செல்லும் வழி இதற்குப் பொருந்தாது.

ஆறு, குளம், கடல்: மூன்று திட்டங்கள்

வெளியிலிருந்து நன்னீர் சேர்க்கும் எண்ணம் புதியதல்ல. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்ற திட்டம் இன்றும் பேசப்படுகிறது. கனகராயன் ஆற்று நீர் வந்து சேரும் ஆனையிறவுக் கடனீரேரியைத் தடுத்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சி நீரேரிக்குக் கொண்டு செல்வது அதன் சாரம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கடல்நீர் உட்புகுவதைத் தடுக்கும். திட்டத்தின் சில பகுதிகள் கட்டப்பட்டன. முழுமையாக அது ஒருபோதும் நிறைவேறவில்லை.

ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியுதவியுடன் 2010இல் ஏற்கப்பட்ட யாழ்ப்பாணம் – கிளிநொச்சி குடிநீர்த் திட்டம், இரணைமடுக் குளத்திலிருந்து நீரைக் கொண்டு வர முதலில் எண்ணியது. தங்கள் நெற்பயிருக்கே நீர் போதாத நிலையில் அதனைப் பகிர முடியாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். தமிழ் மக்களுக்கிடையிலேயே கசப்பை உண்டாக்கிய அந்தச் சர்ச்சைக்குப் பின்னர், கடல்நீரைக் குடிநீராக்கும் வழி தெரிவு செய்யப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர் கொள்திறன் கொண்ட தாளையடி நிலையம் 2024 ஆகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது.

குடிநீரைத் தோட்டக் கிணற்றிலிருந்து பிரித்தெடுப்பது பொதுச் சுகாதார நோக்கில் பெரும் முன்னேற்றம். ஆனால் கடல்நீரிலிருந்து ஆயிரம் லீட்டர் நன்னீர் பெற மூன்று முதல் நான்கு அலகு மின்சாரம் தேவை. அந்த விலையில் குடிக்கலாம். வெங்காயம் பயிரிட முடியாது. விவசாயம் இனியும் நிலத்தடி நீரையே நம்பியிருக்கும். குழாய்நீர் வந்துவிட்டது என்பதற்காகக் கிணற்றின் தரத்தை மறந்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு மிஞ்சுவது விலை கொடுத்து வாங்கும் நீர் மட்டுமே.

பிற இடங்களின் அனுபவம்

மத்தியதரைக் கடலின் மால்ட்டா தீவு யாழ்ப்பாணத்தைப் போன்றே சுண்ணாம்புக்கல் நிலம். அங்கு நிலத்தடி நீரில் நைட்ரேட் மிகுந்ததாலும், அளவு போதாததாலும், குடிநீரில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு கடல்நீரிலிருந்து பெறப்படுகிறது. சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பகுதியில், நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் அளவுக்கு மீறி நீர் எடுக்கப்பட்டதால் 1960களின் இறுதியிலிருந்து கடல்நீர் பல கிலோமீட்டர் உட்புகுந்தது. ஒருமுறை உப்பேறிய படுகை மீள்வது எவ்வளவு கடினம் என்பதற்கு அது சான்று.

எல்லா மாசும் மனிதரால் வருவதல்ல. மியன்மாரில் ஐராவதி ஆற்றின் கழிமுகப் பகுதியில், ஆறு கொண்டு வந்து சேர்த்த வண்டலிலிருந்தே ஆர்சனிக் கிணற்று நீரில் கலக்கிறது. அங்கு செய்யக் கூடியது, பாதுகாப்பான கிணற்றை அடையாளம் கண்டு பயன்படுத்துவது. யாழ்ப்பாணத்தின் நைட்ரேட் பெருமளவில் மேலிருந்து இடப்படுவது. எனவே இடுவதைக் குறைத்தால் குறையக் கூடியது. டென்மார்க் 1980களின் நடுப்பகுதியிலிருந்து பசளை, எருப் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தியதன் பயனாக அங்கு நிலத்தடி நீரின் நைட்ரேட் குறையத் தொடங்கியது. ஆனால் அந்த மாற்றத்துக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

அளவிடாமல் பேண முடியாது

முதல் தேவை, ஒழுங்கான அளவீடு. பருவமழைக்கு முன் செப்டம்பரிலும், மழை முடிந்தபின் ஜனவரியிலும் குறிப்பிட்ட கிணறுகளில் நீர்மட்டம், மின்கடத்துதிறன், நைட்ரேட், மலக்கிருமிகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் அளந்தால் போக்கு தெளிவாகும். அந்த முடிவு ஆய்வேட்டோடு நின்றுவிடாமல் கிணற்றுச் சொந்தக்காரரைச் சென்றடைய வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு அந்த ஒரு எண் மிகவும் பெறுமதியானது.

இரண்டாவது, பசளை. 2021ஆம் ஆண்டில் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடை செய்து, சில மாதங்களில் பின்வாங்கியது. முன்னேற்பாடின்றிப் பறிப்பது விவசாயியை வீழ்த்துமே தவிர, மண்ணைத் திருத்தாது என்பதை அது காட்டியது. மண் பரிசோதனையின்படி அளவோடு இடுவது, ஒரேயடியாக இடாமல் பகிர்ந்து இடுவது, சணலை விதைத்து மடக்கி உழுவது, கிணற்று நீரிலேயே உள்ள நைட்ரேட்டைப் பசளைக் கணக்கில் சேர்ப்பது ஆகியவை செலவைக் கூட்டாமல் குறைப்பவை. நைட்ரேட் மிகுந்த நீரைப் பாய்ச்சும் விவசாயி, தான் அறியாமலே ஒரு பங்கு பசளையை ஏற்கனவே இட்டுவிடுகிறார்.

மூன்றாவது, நீர் சேர்ப்பும் சிக்கனமும். குடாநாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கேணிகளும் உள்ளன. அவற்றில் பல தூர்ந்தும் குப்பை நிரம்பியும் கிடக்கின்றன. அவற்றைத் தூர்வாரி மழைநீரை நிலத்துக்குள் இறக்குவதும், தூவல் அல்லது சொட்டுநீர்ப் பாசனத்தால் இறைப்பைக் குறைப்பதும் நன்னீர் வில்லையைத் தடிப்பாக்கும். மலசலகூடங்களுக்கு அடைக்கப்பட்ட தொட்டிகளும், கழிவை அகற்றும் முறையும் இல்லாமல் நகர்ப்புறக் கிணறுகள் மீளப்போவதில்லை.

கிணறு தனியாருக்குச் சொந்தமானது. அதன் அடியில் உள்ள நீர் யாருடைய வேலிக்கும் அடங்குவதில்லை. ஒருவர் அதிகம் இறைத்தால் அயலவரின் கிணறு உவர்க்கும். ஒருவர் அதிகம் பசளையிட்டால் அயலவரின் குழந்தை அதைக் குடிக்கும். இந்த உறவை ஏற்றுக்கொண்டு, கிராம மட்டத்தில் விவசாயிகளே கூடி இறைப்பையும் பசளையையும் ஒழுங்குபடுத்திக் கொள்ளும் ஏற்பாடு இதுவரை வலுவாக உருவாகவில்லை. ஆறில்லாத நிலத்தில் தலைமுறைகள் வாழ்ந்ததற்குக் காரணமான நீர் இன்னும் அங்கே இருக்கிறது. அது குடிக்கத்தக்க நீராகவே தொடருமா என்பது அந்த ஏற்பாட்டைப் பொறுத்தே அமையும்.